பாண்டியம்மாவின் காது

போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு நர்ஸ் பிள்ளைகள் என் வீட்டைத் தேடி வந்தார்கள். நான் கடைசியாக வேலை பார்த்த வலிப் பிரிவில், பல வருஷமாகப் பூட்டிக் கிடந்த காது ஊசி அறையை மறுபடியும் திறக்கப் போகிறார்களாம். புதுப் பெயிண்ட், புது நாற்காலி, சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு காதுப் படம். திறப்பு விழாவுக்குச் சின்னதாக ஒரு மலர் போடுகிறார்களாம், அதற்கு நான் எழுத வேண்டுமாம்.

"நீங்கதான சிஸ்டர் இங்க மொதமொதல்ல காது ஊசி போட்டது. நல்லதா ஒரு நாலு வார்த்தை எழுதிக் குடுங்க."

நல்லதாக நாலு வார்த்தைக்கு நான் எங்கே போவேன்? நல்லதாக வேண்டுமென்றால் போர்டு எழுதுகிறவரிடம் கேட்டிருக்கலாம், அவர் 'வலியில்லா வாழ்வு' என்று பெரிய எழுத்தில் எழுதித் தந்திருப்பார். வாய்வரை வந்துவிட்டது. ஆனால் அந்தப் பிள்ளைகள் காபியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் என் முகத்தையே பார்த்தார்கள். சரி, எழுதுகிறேன் என்றேன். இதை அந்த மலரில் போடுவார்களா என்று எனக்குத் தெரியாது. போடாவிட்டாலும் அந்த இரண்டு பேராவது படிக்கட்டும்.

நான் சிலமலைக்காரி. பெயர் ராஜாத்தி. மதுரையில் நர்சிங் படித்துவிட்டு போடியில் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன், ஓய்வு பெற்றதும் அங்கேதான். முதல் பாதி பிரசவ வார்டில் போயிற்று. பிள்ளை பிறந்தால் கையில் சாக்லேட்டைத் திணிப்பார்கள், கைராசிக்கார சிஸ்டர் என்பார்கள். அப்புறம் என்னைப் புற்றுநோய் வலிப் பிரிவுக்கு மாற்றினார்கள். கூட வேலை பார்த்தவர்கள் வந்து, ஏதோ எழவு விழுந்த வீட்டில் விசாரிப்பதுபோல விசாரித்துவிட்டுப் போனார்கள். இந்தப் பிரிவுக்கு வருகிறவர்களுக்கு இனி நோயைத் தீர்க்க வழியில்லை என்று பெரிய ஆஸ்பத்திரிகளில் சொல்லி அனுப்பியிருப்பார்கள். இருக்கிற காலம் வரைக்கும் வலியைக் குறைப்பதுதான் எங்கள் சோலி.

பிரிவுக்குத் தலைமை டாக்டர் மரகதம். குள்ளமான உருவம், குரல் எழும்பவே எழும்பாது. நோயாளி பாயில் படுத்திருந்தால் அவரும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். வீட்டுக்காரர்கள் பதறிப்போய் நாற்காலி கொண்டுவந்தால் அதில் தன் பையை வைப்பார். உடம்பில் கை வைக்கும் முன்னால் "தொடலாமா?" என்று கேட்பார். எங்கள் ஊரில் எந்த டாக்டர் அப்படிக் கேட்டிருக்கிறார்! பெரியவர்கள் சிலர் பதில் சொல்லத் தெரியாமல் திருதிருவென்று முழிப்பார்கள். அவர் பதில் வரும்வரை கையை மடியிலேயே வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

சேர்ந்த புதிதில் ஒரு அம்மாவிடம், "கவலைப்படாதீங்கம்மா, எல்லாம் சரியாப் போயிரும்" என்றேன். வெளியே வராந்தாவுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டார்.

"என்ன ராஜாத்தி சரியாப் போயிரும்?"

"இல்ல டாக்டர், சும்மா ஒரு ஆறுதலுக்கு."

"ஆறுதலுக்குப் பொய் சொல்லாத. நாளைக்கு சரியாப் போகலைன்னா அந்தம்மா நம்மள நம்பாது. நம்பலைன்னா வலிக்கிறத மறைக்கும். கொறைக்கப் பாக்குறோம்னு சொல்லு, போதும்."

எனக்கு வந்த கோபத்துக்கு இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

காது ஊசியை, அதாவது வலி குறையக் காதில் வைக்கிற அக்குபங்சரை, கொண்டுவந்தவரும் அவர்தான். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. மார்ஃபின் மாத்திரை வலிக்கு நன்றாகவே கேட்கும். ஆனால் சிலருக்கு அளவைக் கூட்டினால் வாந்தி, மயக்கம், நாள் முழுக்கத் தூக்கம். கண்ணைத் திறந்து பெண்டாட்டி பிள்ளையிடம் ரெண்டு வார்த்தை பேச முடியாது. அப்படிப்பட்டவர்களுக்கு மாத்திரையோடு சேர்த்து இதையும் செய்து பார்க்கலாம் என்றார். மாத்திரைக்குத் துணை, மாத்திரைக்குப் பதில் இல்லை என்பதை எங்களுக்குப் பாடம் மாதிரி ஒப்பிக்க வைத்தார். மதுரைக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். ஒருத்தர் காதில் ஒருத்தர் குத்திப் பழகினோம். நான் வீங்கின காதோடு வீட்டுக்கு வர, "இந்த வயசுல புதுத் தோடா?" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்ததுதான் அந்தப் படிப்பில் எனக்கு இன்றும் ஞாபகம் இருப்பது.

செய்கிற முறையைச் சொல்கிறேன். முதலில் ரத்தப் பரிசோதனை. வெள்ளை அணு குறைந்திருந்தால் ஊசி கிடையாது, யார் சிபாரிசோடு வந்தாலும் கிடையாது. கிருமி தாக்கினால் எதிர்த்து நிற்க உடம்பில் ஆள் வேண்டும் என்பார் டாக்டர். காதின் மேல்பாகம் குருத்தெலும்பு, அங்கே ரத்த ஓட்டம் குறைவு, புண் வந்தால் லேசில் ஆறாது. அதனால் காதை ஸ்பிரிட் வைத்து மடிப்பு மடிப்பாகத் துடைக்க வேண்டும். துடைத்தது காயும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு முனை மழுங்கிய ஒரு இரும்புக் குச்சியால் காதை அங்கங்கே மெதுவாக அழுத்திக்கொண்டே போக வேண்டும். டாக்டர் அந்தக் குச்சியை முதலில் தன் உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கிக்கொள்வார். ஓரிடத்தில் அழுத்தும்போது நோயாளியின் புருவம் சுருங்கும். அதுதான் இடம். அங்கே எள்ளளவு ஊசி ஒன்றை வைத்து அழுத்தி, மேலே துளி பிளாஸ்திரி. உடனே அடுத்த ஊசிக்குப் போகக் கூடாது. எழுந்து நடக்கச் சொல்ல வேண்டும். நடந்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் வலி எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும். குறைந்தது போதும் என்றால் அத்தோடு நிறுத்திவிட வேண்டும். ஊசி சில நாள் காதிலேயே இருக்கும், தானாக விழும். விழுந்ததை எடுத்து நாங்கள் கொடுத்த டப்பாவில் போட்டு மூட வேண்டும்.

வலி எவ்வளவு என்று கேட்பதுதான் பெரும்பாடு. பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்லச் சொன்னால், தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் ஒன்று 'நீங்களே பாத்துப் போட்டுக்கங்க' என்பார்கள், இல்லை மொத்தமாகப் பத்து என்பார்கள். இந்தச் சிக்கலைத் தீர்த்து வைத்தவள் பாண்டியம்மா.

பாண்டியம்மா போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஏலத் தோட்டத்தில் காய் எடுத்தவள். நாற்பதைத் தாண்டியிருக்க மாட்டாள். மார்பில் வந்த புற்று, ஆப்பரேஷனுக்குப் பிறகும் அடங்காமல் இடுப்பெலும்புக்கு இறங்கியிருந்தது. புருஷன் ராசாங்கம் அதே தோட்டத்தில் செடிக்கு மருந்தடிக்கிறவர். பிள்ளை இல்லை. அவருக்கு இவள், இவளுக்கு அவர். தோட்ட ஜீப்பில் மலையிறங்கி வந்து, ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். டாக்டர் எண் கேட்டார்.

"எண்ணெல்லாம் எனக்குத் தெரியாது டாக்டரம்மா. போடி பஸ்டாண்டுன்னா வலி இல்லைன்னு வச்சுக்கங்க. முந்தல் வந்தா ஏத்தம் ஆரம்பம். அங்கிட்டு வளைவு வளைவா ஏறி, மேட்டுல போயி நின்னா அதுக்கு மேல வழி இல்ல. இன்னைக்கு மேட்டுலதேன் நிக்கிறேன்."

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் சிரித்து நான் பார்த்த நாட்கள் குறைவு, அது அதில் ஒன்று. அன்றிலிருந்து மலையிலிருந்து வருகிற எல்லாரிடமும் அப்படித்தான் கேட்டோம்.

காதில் ஊசி என்று விளக்கிச் சொன்னதும் பாண்டியம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "ஆத்தாடி! காது குத்தப் போறீகளா? எந்தாய்மாமன் செத்து எம்புட்டோ வருசமாச்சே சிஸ்டரக்கா, யாரு மடியில உக்காந்து குத்திக்க?"

"நான் வேணா மடியில வச்சுக்கிறேன்," என்றார் பின்னால் நின்ற ராசாங்கம்.

"இந்தா, மனுசனுக்கு வாயப் பாரு. வெட்கமில்ல?"

டாக்டர் குச்சியைக் கையில் சூடாக்கியபடியே, "மடியெல்லாம் வேணாம், பக்கத்துல உக்காரட்டும்" என்றார். ராசாங்கம் வந்து உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். முதல் ஊசி போட்டு நடக்கச் சொன்னோம். வராந்தா கோடிவரை போய்த் திரும்பினாள். இரண்டாவது, மூன்றாவது. "பாதி ரோடு எறங்கிருச்சுக்கா" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். இத்தனை மாதத்தில் இதுதான் முதல் தடவையாம் நேராக உட்கார்ந்தது.

இது எல்லாருக்கும் இப்படிக் கேட்காது. எத்தனையோ பேருக்கு ஒரு வளைவுகூட இறங்கியதில்லை. பாண்டியம்மாவுக்குக் கேட்டது.

அன்றைக்குக் கிளம்பும் முன்னால் அவள் டாக்டரிடம் ஒன்று கேட்டாள். அதை என்னால் மறக்கவே முடியாது.

"எங்கக்காளும் இதே சீக்குலதேன் செத்தா. பெரிய ஆஸ்பத்திரியில கட்டில்ல போட்டு, எங்க யாரையும் உள்ள விடலை. போயி பாத்தப்ப மூடி வச்சிருந்தாக. எனக்கு அப்படி வேணாம் டாக்டரம்மா. நான் எங்க லயத்துல, இவரு கையப் புடிச்சுக்கிட்டுச் சாகணும். வேற ஒண்ணும் கேக்கல."

லயம் என்றால் தோட்டத்துக் குடியிருப்பு வரிசை. ஒரே அறை, ஒரு அடுப்பு. டாக்டர் சரி என்று சொல்லிவிடவில்லை. "வலி பாதி ரோட்டத் தாண்டாம வச்சுட்டா நீங்க மேலயே இருக்கலாம். அதுக்குப் பாக்குறோம்" என்றார்.

அதற்குப் பிறகு நாங்கள்தான் ஏறிப் போனோம். வாரம் ஒரு நாள் ஆஸ்பத்திரி ஜீப், நானும் டாக்டரும். ஏலக்காய் காய வைக்கிற ஸ்டோரின் வாசனை வந்தால் லயம் வந்துவிட்டது என்று அர்த்தம். நாங்கள் வருகிற நாளில் ராசாங்கம் மருந்தடிக்கப் போக மாட்டார். மற்ற நாளில் போய்விட்டு வந்தால் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றிக் குளித்து, நகத்தைத் தேய்த்துக் கழுவி, அப்புறம்தான் அவள் பக்கத்தில் வருவார். அவ்வளவு சுத்தக்காரர். இதை எதற்குச் சொல்கிறேன் என்று பின்னால் தெரியும். ஊசியும் மாத்திரையும் சேர்ந்து வலியைப் பாதி ரோட்டுக்குக் கீழேயே வைத்திருந்தன. பாண்டியம்மா வாசலில் உட்கார்ந்து காய் தரம் பிரிக்கிற அளவுக்கு வந்துவிட்டாள். பக்கத்து வீட்டு மலையாளத்துப் பெண்ணைச் சேச்சி சேச்சி என்று கூப்பிட்டு வம்பளந்தாள். டாக்டரே ஒருநாள் ஜீப்பில் வரும்போது, "இந்தப் பொண்ணு கேட்டதக் குடுத்துரலாம்னு நெனைக்கிறேன்" என்றார்.

அப்புறம் ஐப்பசி மழை பிடித்தது. மலைரோட்டில் பாறை சரிந்து பாதை அடைந்துபோனது. பஸ்சும் இல்லை, ஜீப்பும் இல்லை. மழைக்கு முன்பே புற்று ஈரலிலும் தெரிகிறது என்று, அதன் வேகத்தைக் குறைக்க, பெரிய ஆஸ்பத்திரியில் கீமோ மாத்திரை ஆரம்பித்திருந்தார்கள். அந்த மாத்திரை வெள்ளை அணுவை இறக்கிவிடும். அதனால் அடுத்த ஊசிக்கு முன்னால் கட்டாயம் ரத்தம் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி வைத்திருந்தார்.

லயத்தில் போன் எடுக்காது. ராசாங்கம் மழையில் ஒரு வளைவுக்கு நடந்துவந்து அங்கிருந்து பேசினார்.

"சிஸ்டர், காதுல இருந்த ஊசி அம்புட்டும் விழுந்துருச்சு."

"விழட்டும்ணே. டப்பாவுல போட்டு மூடிருங்க. மாத்திரைய மட்டும் நேரம் தவறாமக் குடுங்க. ரோடு தெறந்ததும் மொத ஆளா வர்றோம்."

"செரி சிஸ்டர். வெரசா வாங்க. அவளுக்கு ஏறிக்கிட்டே இருக்கு."

அவ்வளவுதான் பேசினோம். அவர் வேறெதுவும் கேட்கவில்லை, எனக்கும் வேறெதுவும் தோன்றவில்லை.

ரோடு திறந்த அன்றே போனோம். வாசலில் சேச்சி நின்றிருந்தாள், முகம் சரியில்லை. உள்ளே பாண்டியம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். டாக்டர் தரையில் உட்கார்ந்து, "தொடலாமா?" என்றார். பதில் வரவில்லை. உடம்பு அனலாகக் கொதித்தது. தலையிலிருந்த துண்டை விலக்கினேன்.

இடது காதின் மேல்பாகம் முழுக்கச் சிவந்து, பழுத்த தக்காளி மாதிரி உப்பியிருந்தது. மடிப்பே தெரியவில்லை. மஞ்சள் பூசியிருந்தது. அந்த மஞ்சளுக்குள், நாங்கள் ஊசி வைத்த அதே மூன்று இடத்திலும், சின்னச் சின்னதாக வேப்பங்குச்சி செருகியிருந்தது.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிள்ளைக்குக் காது குத்தினால் ஓட்டை தூர்ந்துபோகாமல் இருக்க வேப்பங்குச்சியைச் சீவி வைப்போம். எனக்கும் வைத்தார்கள், என் மகளுக்கும் வைத்தேன். காதின் கீழ் மடலில் வைப்பது அது, சதைப்பிடிப்பான இடம், ஆறிவிடும். இது குருத்தெலும்பு. எங்கள் ஊசி தோலில் நுனி மட்டும் இறங்கி நிற்கும், விழுந்தால் இடமே தெரியாது. வைப்பதற்கு அங்கே ஓட்டை ஏது? யாரோ குச்சியை அழுத்தித்தான் ஏற்றியிருக்க வேண்டும். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

"யாரு வச்சது?" டாக்டர் குரல் எப்போதும்போல மெதுவாகத்தான் இருந்தது.

"நாந்தேன் டாக்டரம்மா." ராசாங்கம் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அந்த ஓட்டை வழியாத்தான வலி எறங்குச்சு. நீங்க வாரதுக்குள்ள தூந்து போச்சுன்னா மறுபடி எப்படிப் போடுவீக? தண்ணியில கொதிக்க வச்சுத்தேன் சீவுனேன். கையெல்லாம் கழுவிட்டுத்தேன்..."

டாக்டர் ஒவ்வொரு குச்சியாக எடுத்தார். ஒவ்வொன்றும் சிலாம்பு இல்லாமல் வழுவழுவென்று சீவியிருந்தது, பச்சைப்பிள்ளைக்குச் சீவுவதுபோல. எனக்கு அந்த மனுஷனை அறைய வேண்டும் என்றும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்றும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. பஞ்சை நனைத்து நனைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு டாக்டர் இரண்டு பேரிடமும் உள்ளதைச் சொன்னார். கிருமி ரத்தத்தில் கலந்திருக்கலாம். கீழே போனால் நரம்பில் மருந்து ஏற்றலாம், கேட்கும் என்று உறுதி கிடையாது. போகாவிட்டால் சில நாள்தான். "பாண்டியம்மா, நீங்க இங்கயே இருக்கணும்னா நான் மார்ஃபின் ஊசி குடுத்து வலிய அடக்கப் பாக்குறேன். முடிவு உங்களது."

"நான் வரலை," என்றாள் பாண்டியம்மா. கண்ணைத் திறக்காமல்தான் சொன்னாள், ஆனால் தெளிவாகச் சொன்னாள்.

ராசாங்கம் அவள் காலடியில் விழுந்துவிட்டார். "என்னால வந்துச்சு ஆத்தா. நான் வச்சது. அத மட்டும் சரி பண்ணிட்டு மறுபடி மேல கூட்டியாந்துர்றேன். சத்தியமாக் கூட்டியாந்துர்றேன். என்னைய இப்படி விட்டுட்டுப் போயிராத."

அவர் தலையில் கையை வைத்திருந்தாள். அப்புறம் என்னைப் பார்த்து, "பாவம் சிஸ்டரக்கா இந்த மனுசன். போவம்" என்றாள்.

இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் அவள் முனகியது இன்னும் என் காதில் இருக்கிறது. ராசாங்கம் தன் மடியில் அவள் தலையை வைத்துக்கொண்டு, டிரைவரிடம் "பைய, பைய" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

வார்டில் சேர்த்தோம். வெள்ளை அணு தரைமட்டத்துக்கு இறங்கியிருந்தது. மருந்துக்கு மேல் மருந்து ஏற்றினார்கள், காது அடங்கவில்லை. இடுப்பு வலியோடு காது வலியும் சேர்ந்துகொண்டது. ஊசி போடச் சொல்லி அவளே கேட்டாள். வலது காதைத் தொட்டுக் காட்டி, "இதுல போடுங்களேன்க்கா, இது நல்லாத்தான இருக்கு" என்றாள். டாக்டர் முடியாது என்று தலையாட்டினார். அந்த நிலையில் ஒரு எள்ளளவு ஊசிகூட ஆபத்து. அவர் முடிவு சரிதான். சரியான முடிவைச் சொல்லிவிட்டு அவர் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன்.

ஒருநாள் காலை டியூட்டிக்கு வந்ததும் வழக்கம்போலக் கேட்டேன். "எங்க நிக்கிது பாண்டியம்மா?"

"நான் மட்டும் போடிக்கு எறங்கிட்டேன்க்கா. அது மேட்டுலயே நிக்கிது."

கடைசியில் தீவிர சிகிச்சை அறைக்கு மாற்றினார்கள். அங்கே வீட்டு ஆட்களுக்கு நேரம் பார்த்துத்தான் அனுமதி. நான் போய்ச் சண்டை போட்டு ராசாங்கத்தை உள்ளே விட வைத்தேன். அவர் வந்து கொஞ்ச நேரம்கூட ஆகியிருக்காது, மருந்து தீர்ந்துவிட்டது, வெளியே கடையில்தான் கிடைக்கும் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அவர் ஓடினார். அந்த நேரத்தில் மூச்சு மாறியது. பாண்டியம்மாவின் கை கட்டில் விளிம்பில் எதையோ தேடியது. நான் பிடித்துக்கொண்டேன். என் கையை விரலால் தடவிப் பார்த்தாள். மருந்தடித்துக் காய்த்துப்போன கை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? அவள் கேட்ட கை என்னுடையது இல்லை. அதை அவள் தெரிந்துகொண்டுதான் போனாள்.

ராசாங்கம் மருந்துப் பையோடு வந்தார். அவரிடம் எப்படிச் சொன்னேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. அந்தப் பையை அவர் கீழே வைக்கவே இல்லை என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அடுத்த வாரம் டாக்டர் மரகதம் காது ஊசி அறையைப் பூட்டிச் சாவியை ஆபீசில் கொடுத்துவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. எத்தனையோ பேருக்குக் குறைந்ததே, அவர்களுக்கெல்லாம் என்ன பதில் என்று கேட்டேன்.

"ஊசி மேல தப்பில்ல ராஜாத்தி. அந்த மனுசன் மேலயும் தப்பில்ல. காதுல குத்துனா இந்த ஊருல அடுத்து என்ன செய்வாங்கன்னு நான்தான் யோசிக்கல. நான் யோசிக்காதது இன்னும் என்னென்ன இருக்கோ!"

சில மாதத்தில் அவர் வேலையை விட்டுவிட்டு வெளியூர் போய்விட்டார். நான் ஓய்வு பெறும்வரை அந்தப் பூட்டைத் தாண்டித்தான் தினமும் நடந்தேன்.

இப்போது திறக்கப் போகும் பிள்ளைகளே, உங்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். இந்த ஊசி சிலருக்கு வலியைக் குறைக்கும், நான் கண்ணால் பார்த்தது. நோயை ஒன்றும் செய்யாது. ஊசி போடுவதைவிட, விழுந்த பிறகு என்ன செய்யக் கூடாது என்பதை அதிக நேரம் சொல்லுங்கள். வேப்பங்குச்சி என்று பெயர் சொல்லியே சொல்லுங்கள், சிரிப்பார்கள், பரவாயில்லை. இவ்வளவு சொன்னாலும் எல்லாம் ஒழுங்காக நடக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. நீங்கள் யோசிக்காதது ஒன்று எங்கேயாவது ஒரு லயத்தில் காத்துக்கொண்டிருக்கும். நான் இப்படித்தான் பேசுவேன், என்னிடம் நல்லதாக நாலு வார்த்தை கேட்டது உங்கள் தப்பு.

ஒன்று மிச்சமிருக்கிறது. ராசாங்கத்தின் தங்கச்சி செல்வியை எங்கள் சிலமலையில்தான் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்து அவளுக்கு ஒரு பெண் பிள்ளை பிறந்தது. இந்தச் சித்திரையில் காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் மடி ராசாங்கத்தின் மடிதான். அவர் வர மாட்டேன் என்றாராம். செல்வி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"நீங்க சொன்னாத்தேன் கேப்பாரு சிஸ்டரம்மா. எங்கண்ணே இருக்கையில வேற யாரு மடியில எம்புள்ளைய உக்கார வைக்க?"

நான் போனில் பேசினேன். வந்தார். தலை முழுக்க நரைத்துப்போயிருந்தது. வெள்ளை வேட்டி கட்டி, கிழக்கே பார்த்து உட்கார்ந்து, பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டார். ஆசாரி குத்தினார். பிள்ளை வீறிட்டது, எல்லாரும் சிரித்தார்கள், யாரோ வாயில் சர்க்கரையை வைத்தார்கள். அந்த வீட்டு வழக்கப்படி முதலில் வேப்பங்குச்சி, புண் ஆறின பிறகுதான் தங்கம். செல்வி ஒரு கிண்ணத்தில் மஞ்சளும் சீவிய குச்சியும் கொண்டுவந்து அண்ணன் முன்னால் நீட்டினாள்.

ராசாங்கம் அதைத் தொடவில்லை. கூட்டத்துக்குள் தேடி என்னைப் பார்த்தார்.

"சிஸ்டர், இத வைக்கலாமா?"

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். காதின் கீழ் மடல், ஆரோக்கியமான பிள்ளை. டாக்டர் மரகதம் எனக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கவில்லை.

"வைக்கலாம்ணே," என்றேன். "கீழ் மடல்தான. ஒண்ணும் செய்யாது."

அவர் குச்சியை எடுத்து விரலுக்கிடையில் உருட்டிப் பார்த்தார். சிலாம்பு இருக்கிறதா என்று நகத்தால் தடவினார்.

"அன்னைக்கும் நான் இதத்தான சிஸ்டர் வச்சேன்," என்றார்.